மங்கலதேவி மலையில் நான் கூப்பிடாத பெயர்

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிப்பதற்கு நாலு வருஷத்துக்கு முந்தின சித்திரை மாதம் நடந்தது இது. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பேர்போன ஓர் அருவி இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே தலை முழுக எங்கெங்கோ இருந்தெல்லாம் ஜனங்கள் வருவார்கள். என் வீட்டுக்காரருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லையாம். அந்த அருவியில் குளித்து வேண்டிக்கொண்டு பெற்றதால் அருவியின் பெயரையே இவருக்கு வைத்துவிட்டார்கள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த அருவியின் பெயரையும் நான் சொன்னது கிடையாது. அருவிக்கரையில் வேலப்பர் கோயில் இருக்கிறது. நான் அந்த இடத்தையே வேலப்பர் கோயில் என்றுதான் சொல்வேன். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற கொஞ்சம் நஞ்சை இருந்தது, அதில் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வருஷத்திலிருந்தே நடந்து போகும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பைக் கை தட்டிவிட்டுவிடும். கவனமில்லாமல் நடக்கிறார் என்று நான்கூடச் சலித்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் அந்தி சாய்ந்தால் வரப்பில் நடக்க முடியவில்லை என்றார். மதுரைக்குப் போய்க் கண் டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். கண்ணுக்குள் இருக்கிற நரம்பு ஓரத்திலிருந்து வாடிக்கொண்டே வருகிறது, அதற்கு மருந்து கிடையாது, இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பார்வை இருக்கும் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் திரும்பினோம். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி நம் பக்கத்து மலைகள் தெரிந்த பிறகுதான் இவர் வாயைத் திறந்தார். ஆத்தாவிடம் சொல்லாதே, ஊரில் ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நாலைந்து மாதம் அப்படியே போனது. பங்குனியில் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"முழுக்க இருட்டுறதுக்குள்ள நம்ம ஊரச் சுத்தி இருக்கறதயெல்லாம் ஒரு தடவ பாத்துரணும் புள்ள. வெள்ளக்காரன் குதிரையில வந்து பாத்துட்டுப் போறான். நாம பக்கத்துலயே கெடந்து ஒண்ணையும் பாக்கல."

அத்தையிடம் மூன்று இடத்துக்கு வேண்டுதல் என்று சொல்லி உத்தரவு வாங்கினேன். எங்களுக்கு ஒரே பெண், அப்போது ஐந்து வயது. அவளை அத்தையிடம் விட்டுவிட்டுச் சித்ரா பவுர்ணமிக்கு இரண்டு நாள் முந்திப் புறப்பட்டோம். அவர் கண்ணுக்காகச் சாமியிடம் கேட்கிறோம் என்ற நினைப்பில் நான் போனேன். அவர் எதையும் கேட்கப் போகவில்லை, பார்க்கத்தான் போனார்.

முதல் நாள் உத்தமபாளையத்துச் சமணர் பாறை. பெரிய மொட்டைப் பாறை. அதில் வரிசை வரிசையாகச் சாமியார்கள் உட்கார்ந்தும் நின்றும் இருக்கிற மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் துணி இல்லை. நான் கூச்சப்பட்டுக் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "என்னக்கா, சாமி கும்பிட வந்துட்டுத் தரையக் கும்பிடுறீக?" என்று சிரித்தாள்.

இவர் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கண்ணுக்கு நேரே உள்ளது மட்டும்தான் அவருக்குத் தெரியும், அதனால் ஒவ்வொரு உருவமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருவங்களுக்குக் கீழே பழைய எழுத்துகள் இருந்தன. நம் எழுத்து மாதிரி இல்லை, வட்ட வட்டமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் விரலை ஓட்டினார். அந்த உருவங்களைச் செய்து வைத்தவர்களின் பெயர்கள் அவை என்று முன்பு யாரோ ஒரு வாத்தியார் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"செஞ்சவன் செத்து எத்தனையோ தலைமொற ஆச்சு. பேரு மட்டும் இங்கன கெடக்குது பாரு. கூப்பிடத்தான் ஆளில்ல."

அந்தப் பேச்சை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறுகிறது, போகலாம் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் வேலப்பர் கோயில். கம்பத்திலிருந்து தெரிந்தவர் வண்டியில் போனோம். கோடையிலும் அந்த அருவி வற்றுவதில்லை. குளித்துவிட்டு ஈரத்தோடு சந்நிதிக்கு வந்தோம். பூசாரி தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். வழக்கமாக அத்தை கூட இருப்பார்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு இவர் தலை துவட்டிக்கொண்டு பின்னால் நின்றார். நான் வாயைத் திறக்க முடியாமல் அருவிப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அருவிக்கா? அருவிக்கு என்ன நட்சத்திரம் தாயி?" என்றார் பூசாரி.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இவர் முன்னால் வந்து தம் பெயரைத் தாமே சொல்லி, நட்சத்திரத்தையும் சொன்னார். அவரும் சிரிப்பை அடக்க முடியாமல்தான் சொன்னார். வெளியே வந்து பாறையில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை.

"ஊரே என் பேரச் சொல்லிக்கிட்டு வந்து குளிக்குது. நீ ஒருத்திதான் சொல்ல மாட்டேங்கற."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியும்ல" என்றேன்.

"கண்ணே போகப் போகுது. ஆயுச வச்சுக்கிட்டு என்ன பண்ண?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலப்பர் வாசலில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசலாமா என்று அழுதேன். உடனே அவர் பேச்சை மாற்றி, அருவி எத்தனை ஆள் உயரம் இருக்கும் என்று என்னிடம் கேட்டார். அவரால் அருவியை முழுசாகப் பார்க்க முடியவில்லை. உச்சியைப் பார்த்தால் அடி தெரியவில்லை, அடியைப் பார்த்தால் உச்சி தெரியவில்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது நாள் சித்ரா பவுர்ணமி. மங்கலதேவி அம்மன் கோயில், எங்கள் ஊருக்கு மேலே மலை உச்சியில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள்தான் அங்கே கூட்டம் போகும். பளியங்குடி வழியாகக் காட்டுக்குள் ஏற வேண்டும். செங்குத்தான பாதை, இரண்டு பக்கமும் புல் ஆள் உயரம் நிற்கும். விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். ஓரத்தில் இருக்கிற கல்லும் வேரும் அவருக்குத் தெரியாது. அதனால் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். வெளியே தெரியாதபடி கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தார்.

கோயிலில் கூரை இல்லை. பெரிய பெரிய கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள், பாதி சரிந்து கிடந்தன. உடைந்திருந்த அம்மனுக்குச் சந்தனத்தில் முகம் செய்து பூப் போட்டிருந்தார்கள். கம்பத்திலிருந்து வளையல்கார ராவுத்தர் ஒருவர் வளையல்களைக் கயிற்றில் கோத்த மலாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறியிருந்தார். மலைக்கு வந்த சுமங்கலிகள் எல்லோரும் அவரிடம் பச்சை வளையல் வாங்கி, அம்மன் காலடியில் வைத்து எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்கு ராவுத்தரே கை நிறையப் போட்டுவிட்டார். அவரும் அல்லாவை வேண்டிக்கொண்டுதான் போடுவாராம், எந்தக் கை வளையலும் உடையக் கூடாது என்று. நான் அம்மனிடம் என் வீட்டுக்காரரின் கண்ணைக் கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் ஆயுசு கெட்டி என்று நினைத்திருந்தேன், ஏனென்றால் அதற்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லையே.

கும்பிட்டு முடித்துக் கல்சுவரின் ஓரத்தில் உட்கார்ந்தோம். அங்கிருந்து ஒரு பக்கம் நம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். மறு பக்கம் பெரியாற்று அணைத் தண்ணீரும் காடும். அவர் தலையை மெல்ல மெல்லத் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தார். விட்டுப்போனதை என்னிடம் கேட்டார். கூடலூர்க் கண்மாய் எங்கே, நம் வயல் தெரிகிறதா, கம்பத்துத் தென்னந்தோப்புக்கு அப்புறம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் சொன்னேன். என் வாழ்நாளில் நான் அவரிடம் அத்தனை நேரம் பேசினது அன்றைக்குத்தான். கடைசியில், "போதும் புள்ள, உள்ள எறங்கிருச்சு. இனிமே மூடிக்கிட்டே பாத்துக்குவேன்" என்றார்.

உச்சி சாய்ந்ததும் இறங்கினோம். பின்னால் வந்த பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி முந்தானையைக் கவனித்துவிட்டாள்.

"ஏ ஆத்தா, இங்க பாருங்கடி. மாப்ளய முந்தானையில முடிஞ்சுல்ல கூட்டிட்டுப் போறா. அவுத்து விட்டா ஓடிப்போயிருவாரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் தலை நிமிர முடியவில்லை. கண் தெரியவில்லை என்று சொல்லவும் முடியாது, சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். வெடுக்கென்று முந்தானையை இழுத்துக்கொண்டேன். அவருக்கு வருத்தம் இல்லை. என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீ முன்னால போ. வளையல் சத்தத்தப் புடிச்சுக்கிட்டு வாறேன்" என்றார். நானும் கையை வீசி வீசி நடந்தேன்.

கால்வாசிகூட இறங்கியிருக்க மாட்டோம். குமுளிப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது. கோடை மழைக்கு முந்தி மலையில் அப்படி வருமாம், எனக்கு அது தெரியாது. பக்கத்தில் நடந்தவர்கள் முகம் தெரியவில்லை. உடனே இடி, அதோடு மழை. மேலிருந்து ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கூட்டம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து போனது. கூட்டம் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். அவர் இல்லை.

நின்ற இடத்திலேயே நின்று வளையலைக் குலுக்கினேன். அப்போதுதான் உறைத்தது. ஓடுகிற ஒவ்வொரு பெண் கையிலும் அதே வளையல். மலை முழுக்க வளையல் சத்தமாக இருந்தது.

"ஏங்க" என்று கூப்பிட்டேன். பனிக்குள் நாலு பக்கமும் பெண்கள் அதையேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏங்க, இங்கன இருக்கேன்", "ஏங்க, இந்தப் பக்கம் வாங்க" என்று. ஆண்கள் அவரவர் பெண்டாட்டி குரலுக்குப் பதில் கொடுத்து வந்து சேர்ந்தார்கள். என் குரலுக்கு யாரோ ஒருவர் வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, தப்பாக வந்துவிட்டேன் அம்மா என்று விலகிப் போனார். இடியும் மழையும் கலந்ததில் எந்தக் குரல் யாருடையது என்று எப்படித் தெரியும்? அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அப்போது வளையல்கார ராவுத்தர் மலாரத்தின் மேல் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார். நான் அழுவதைப் பார்த்து நின்றுவிட்டார். புருஷனைக் காணோம், அவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்று அவரிடம் மட்டும் சொன்னேன். சத்தியத்தை உடைத்தது அந்த ஒரு தடவைதான்.

"பொம்பளக் கொரல் இந்த மழையில எடுபடாது. ஆளு பேரச் சொல்லு ஆத்தா, நான் கூப்புடுறேன்" என்றார்.

மூன்று எழுத்துப் பெயர். அதை ராவுத்தரிடம் சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. கூச்சம் என்று நினைக்காதீர்கள், பயம். அவர் உயிர் எங்கே எப்படி ஊசலாடுகிறதோ தெரியாத நேரத்தில், அந்த நிமிஷம் பார்த்து நான் பெயரைச் சொல்லி, அதனாலேயே ஒன்று ஆகிவிட்டால்? ஆபத்து இல்லாத நாளிலேயே சொல்லாதவள், அந்த நேரத்தில் எப்படிச் சொல்வேன்? எனக்கு வாயில் வந்தது எப்போதும் வருகிற பேச்சுத்தான்.

"நம்ம வேலப்பர் கோயில் இருக்குல்லண்ணே, அந்தப் பேரு..."

இடத்தின் பெயரைத்தான் நினைத்துச் சொன்னேன். வீட்டில் என்றால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். ராவுத்தர் மீதியைக் கேட்கக் காத்திருக்கவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, "வேலப்பா! ஏலே வேலப்பா!" என்று மலை அதிரக் கூப்பிட்டுக்கொண்டே பனிக்குள் போய்விட்டார்.

அதில்லை, ஊர்ப் பேரு, ஊர்ப் பேரு என்று பின்னாலேயே கத்தினேன். இடி அதை விழுங்கிவிட்டது. அவர் கூப்பிடுவதைக் கேட்டு, இறங்கிக்கொண்டிருந்த இன்னும் நாலு ஆண்கள் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மலையில் திரும்பின பக்கமெல்லாம் வேலப்பா, வேலப்பா என்று கேட்டது. எனக்கு முன்னேபின்னே தெரியாத நல்ல மனுஷர்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் ராவுத்தர் திரும்பி வந்தார். அவருக்குப் பேச்சே வரவில்லை, காற்றுத்தான் வந்தது. நூறு தடவை கூப்பிட்டுவிட்டேன் ஆத்தா, பதில் இல்லை என்று கையாலேயே காட்டினார். அந்த மனுஷனிடம் நீங்கள் கூப்பிட்டது வேறு பெயர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெம்பும் இல்லை. மற்றவர்களோடு அவர் இறங்கிப் போயிருக்கலாம். போகாமல் என்னை மறுபடி மேலே கூட்டிப்போய், எனக்குக் காவலாகக் கோயில் கல்சுவருக்குள்ளேயே இருந்தார், பூசை செய்ய வந்தவர்களும் இருந்தார்கள். அந்த ராத்திரியைப் பற்றி என்னால் எழுத முடியாது.

விடிந்ததும் அந்தக் காட்டிலேயே வாழ்கிற பளியர் குடியைச் சேர்ந்த ஒருவர்தான் அவரைக் கண்டுபிடித்தார். பாதையை விட்டு எதிர்ப்பக்கம் போய், புல் சரிவில் உருண்டு, ஒரு பாறை இடுக்கில் கிடந்திருக்கிறார். உயிர் இருந்தது. இடுப்பு ஒடிந்துவிட்டது, ராத்திரி முழுக்க மழையில் கிடந்ததால் உடம்பு கட்டை மாதிரி குளிர்ந்திருந்தது. அந்தப் பளியர் அவரைத் துணியில் தூளி கட்டி முதுகில் சுமந்தே மலையை விட்டு இறக்கினார். ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கவில்லை, எங்களை வண்டியில் ஏற்றிவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்.

வீட்டில் ஐந்து நாள் இருந்தார். எலும்பு வைத்தியர் வந்து கட்டுப் போட்டார். ஆனால் சளி நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல் ஏறிவிட்டது. இரண்டாவது நாள் கொஞ்சம் தெளிவாகப் பேசினார். என்ன நடந்தது என்று நான் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வளையல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனாராம். பனிக்குள் ஒரு பெண், "ஏங்க, இங்கன வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். நான்தான் என்று பக்கத்தில் போய்க் கையை நீட்டியிருக்கிறார். அவள் பயந்துபோய், யார் நீங்கள் என்று கேட்டிருக்கிறாள். ஊரான் பெண்டாட்டி கையைப் பிடிக்கப் பார்த்தோமே என்று வெட்கப்பட்டு, அவசரமாகப் பின்னால் நகர்ந்திருக்கிறார். அங்கேதான் கால் வழுக்கியிருக்கிறது.

"கீழ கெடக்கையில ஒரு கொரல் கேட்டுச்சு புள்ள. வேலப்பா, வேலப்பான்னு யாரோ கூப்புட்டுக்கிட்டே இருந்தாக. எவனோ நம்மள மாதிரி தொலஞ்சுபோயிட்டான், பாவம், அவன் ஆளுகளாவது தேடுறாகளேன்னு நெனச்சேன்."

அது உங்களைத்தான் என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, இந்தக் காகிதத்தில்தான் சொல்கிறேன். அவர் அந்தக் குரலுக்குப் பதில் கொடுத்திருந்தால் அப்போதே தூக்கியிருப்பார்கள். அடுத்தவனுக்கான குரலுக்கு நாம் ஏன் குறுக்கே பேச வேண்டும் என்று சும்மா கிடந்திருக்கிறார். இடுப்பு ஒடிந்து கிடந்தபோதும் அவருக்கு அந்த நினைப்பு.

நாலாம் நாள் பார்வை சுத்தமாகப் போய்விட்டது. காய்ச்சல் வேகத்திலா, நரம்பு வாடியதாலா, தெரியாது. பகலிலேயே, பக்கத்தில் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்புடேன். எங்கன இருக்கன்னு தெரியட்டும்."

அறைக்கு வெளியே அத்தை உட்கார்ந்திருந்தார்கள், சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்காகச் சொல்லாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்குள்ளேயே சொல்ல விடவில்லை. இருக்கிற கொஞ்ச உயிரையும் என் வாயாலே பறித்துவிடுவேனோ என்று பயந்தேன். அவர் கையை எடுத்து என் வளையலின் மேல் வைத்தேன். நான் இங்கன இருக்கேன், இங்கன இருக்கேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் வளையலைத் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கை எடுத்துக்கொண்ட விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தார்.

அம்மன் காலடியில் வைத்துப் போட்ட வளையல் என் கையில் ஒரு வாரம்கூட முழுசாக இல்லை.

செய்தி கேட்டுக் கம்பத்திலிருந்து ராவுத்தர் வந்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். பெற்றவள் சொல்லலாம், ஊரே சொல்லலாம். ராவுத்தர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் என்னை நோக்கி வந்தார். தொண்டை அவருக்கு அப்போதும் சரியாகவில்லை.

"ஆத்தா, அப்ப அன்னைக்கு நான் யாரக் கூப்புட்டேன்?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு தெருவோடு நடந்து போய்விட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் வளையல் விற்க அவர் அப்புறம் வரவே இல்லை. அவர் செய்த தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய்ப்பும் கிடைக்கவில்லை.

நான் சாமியைக் குறை சொல்லவில்லை. இன்றும் விளக்கு ஏற்றாமல் ஒரு நாள் இருந்ததில்லை. ஆனால் விளக்கின் முன்னால் நின்றால் எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் வருவதில்லை. அம்மனிடம் கண்ணைக் கேட்டேன், ஆயுசை நான் பார்த்துக்கொள்வதாக நினைத்தேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

பதினோரு வருஷம் ஆகிவிட்டது. என் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. போன வாரம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஓர் ஆபத்து என்று வந்தால் மாப்பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடு, யோசிக்காதே என்று சொன்னேன். என்ன ஏது என்று விவரம் சொல்லவில்லை. அவள் பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். "என்னம்மா நீ, அப்பத்தா சொல்லியிருக்காகல்ல, ஆயுசு கொறஞ்சுரும்னு" என்றாள். அவள் முகத்தில் இருந்தது என் முகம்தான். அவள் இதைப் படிப்பாளோ என்னவோ என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

இந்தச் சித்திரையில் நான் மட்டும் தனியாக அருவிக்குப் போனேன். ஜனங்கள் குளித்துக் கரையேறின பிறகு, தண்ணீர் விழுகிற இடத்துக்கு நேரே நின்று கூப்பிட்டேன். சுருளி. முதல் தடவை குரல் வெளியே வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது, ஆனால் தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த பெண், அருவியைப் பார்த்து நான் கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். சுருளி, சுருளி என்று இப்போது நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் ஒன்றும் குறையப் போவதில்லை, குறைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.